தம்பி அனுப்பின பதினஞ்சாயிரம்

அந்தப் போனைக் கொஞ்சம் கவுத்திப் பிடி பாப்பா. நாலு, நாலு, ஏழு, ஒன்னு. சரிதானே? முழிக்காதே. நான் திருடி இல்லை. ராஜபாளையத்துல பஸ் ஏறினதுல இருந்து மூணு தடவை போட்டுட்டே, மூணு தடவையும் பார்த்துட்டேன். பக்கத்து சீட்டுக்காரி நானா இருக்கப்போய் உன்கிட்டயே சொல்றேன். வேற ஒருத்தின்னா சொல்லுவாளா? கரிவலம்வந்தநல்லூர்ல இறங்கிப் போய்க்கிட்டே இருப்பா.

இந்தக் குடத்தைச் செத்தப் பிடி. மடியில வச்சு வச்சு முட்டி மரத்துப் போச்சு. அழுத்திப் பிடிக்காதே, கனம் இல்லாத குடம், நசுங்கிரும். நான் யாருன்னு கேக்கலியே நீ. வேலுத்தாய். வேலுத்தாய் வாடகைப் பாத்திரக் கடை. அண்டா, குண்டா, கரண்டி, ஜமுக்காளம், சேர், மைக் செட்டு, எல்லாம் நம்மகிட்ட உண்டு. உனக்குக் கல்யாணம் ஆயிருச்சா? ஆகல்லியா? அப்ப சொல்லி விடு, குறைச்சுப் போட்டுத் தரேன்.

இந்தத் தொழில்ல முப்பது வருசமா இருக்கேன். பத்து கரண்டி வாடகைக்குப் போச்சுன்னா எட்டுதான் திரும்பி வரும். அந்த ரெண்டு கரண்டியை எவ வீட்டு அடுக்களையில இருந்தாலும் போய் எடுத்துட்டு வந்துருவேன். எப்படி? பேர் வெட்டியிருக்கும். ஒவ்வொரு கரண்டிக் காம்புலயும் 'வே.தா.' இருக்கும். அதுக்கு மேல என் வாய் இருக்கு. தெருமுனையில நின்னு ஒரு தடவை கூப்பிட்டேன்னா, என் கரண்டியோட சேர்த்து அவ கரண்டியையும் வெளிய வீசுவா. அதனால திருட்டைப் பத்தி எனக்கு ஒருத்தரும் பாடம் எடுக்க வேண்டியது இல்லை. முதல்ல அதைத் தெரிஞ்சுக்கோ.

ஆனா எடுத்தாங்க. போன மாசம் எங்க ஊர் மண்டபத்துல கம்ப்யூட்டர் திருட்டைப் பத்தி ஒரு கூட்டம் போட்டாங்க. சேர் நம்ம சேர். அதை எண்ணி எடுக்கணும்ல, அதுக்காகப் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தேன். ஒரு பொம்பளைப் போலீசு நல்லாத்தான் பேசுச்சு. போன்ல வர்ற நம்பரை யார்கிட்டயும் சொல்லக்கூடாதாம். போலீஸ்னு சொல்லிக்கிட்டே கூப்பிடுவானாம், நம்பக்கூடாதாம். இப்பல்லாம் நம்ம குரலைக்கூடத் திருடிருவானாம். நம்ம மாதிரியே பேசுவானாம், பெத்த தாயே அடையாளம் கண்டுபிடிக்க முடியாதாம். நான் நின்ன இடத்துல இருந்தே கேட்டேன். "ஏம்மா, நான் பேசுற மாதிரி எவன் பேசுவான்? பேசினா அவன் வாய் வெந்து போகாதா?" கூட்டம் சிரிச்சுச்சு. அந்தம்மாவும் சிரிச்சுச்சு.

வீட்டுக்கு வந்த கையோட எல்லாப் பாதுகாப்பும் பண்ணிட்டேன். போன்ல முன்னாடி ஒரு கண்ணு இருக்குல்ல, அதுமேல ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினேன். பின்னாடி இருக்கிற கண்ணுக்குப் பெரிய பொட்டு. தூங்கும்போது போனைத் தூக்குச்சட்டியில போட்டு மூடியை இறுக்கி வச்சிருவேன், அவன் எதையாவது ஒட்டுக் கேட்டுட்டா? என் மக கோமதி ஓசூர்ல இருக்கா. அவ வீடியோ கால்ல கூப்பிட்டா என் மூஞ்சி தெரியாது, செக்கச்செவேல்னு பொட்டு மட்டும்தான் தெரியும். "அம்மா, மாரியாத்தாகிட்ட பேசுற மாதிரி இருக்கு"ன்னுவா. பேசு, உனக்கும் நல்லதுதான்டின்னு சொல்லிட்டேன்.

இவ்வளவுக்கும் அப்புறம்தான் நேத்து அந்தப் பய கூப்பிட்டான்.

மத்தியானம். ஒரு வளைகாப்புக்குப் போன பாத்திரம் அப்பத்தான் திரும்பி வந்துச்சு, நான் எண்ணிக்கிட்டு இருக்கேன். "அம்மா, நாங்க போன் பாதுகாப்புத் துறையில இருந்து பேசுறோம். உங்க போனுக்குப் பூட்டுப் போடணும். ஆறு நம்பர் வரும், அதைச் சொல்லுங்க"ன்னான். நானா ஏமாறுவேன்? "டேய், நம்பரைச் சொல்லக்கூடாதுன்னு எனக்குத் தெரியும்டா"ன்னேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "ரொம்பச் சரிம்மா. நீங்க ஒருத்தர்தான் இவ்வளவு விவரமா இருக்கீங்க. முழுசாச் சொல்லாதீங்க. அஞ்சு நம்பர் மட்டும் சொல்லுங்க. கடைசி நம்பரை என்கிட்டக்கூடச் சொல்லிராதீங்க."

நல்ல பையனா இருக்கானேன்னு அஞ்சு நம்பர் சொன்னேன். அஞ்சுதான் பாப்பா. ஆறாவதைச் சொல்லவே இல்லை. வாயைத் திறக்கல. அப்ப அவன், "கடைசி நம்பர் அஞ்சுக்கு மேலயா, கீழயாம்மா?"ன்னான். அதைச் சொன்னா என்ன தப்பு? நம்பரைச் சொல்லலியே. மேலன்னேன். "சரிம்மா"ன்னு வச்சுட்டான்.

நீ ஏன் தலையில கை வைக்கிறே? கோமதியும் இப்படித்தான் வச்சா. ஆறாவது நம்பரை நான் சொல்லலைங்கிறேன், எவளும் அதைக் காதுல வாங்க மாட்டேங்கிறா.

அஞ்சு நிமிசத்துல என் வாட்சப்பு போச்சு. என் பேரு, என் போட்டோ எல்லாம் அப்படியே இருக்கு, ஆனா உள்ள இருக்கிறது அவன். என் பேர் வெட்டின அண்டாவை எவனோ தூக்கிட்டுப் போய் அவன் அடுப்புல வச்சு உலை கொதிக்க விட்ட மாதிரி. கோயில் குரூப்புல, சமையல்காரங்க குரூப்புல, மண்டபக்காரங்க குரூப்புல இருக்கிற ஒருத்தர் விடாம அனுப்பிட்டான். என்னன்னு? 'வணக்கம். நான் மருத்துவமனையில் இருக்கிறேன். அவசரமாகப் பணம் தேவைப்படுகிறது. தயவுசெய்து உதவவும். நன்றி.'

இருநூறு பேர் இருப்பாங்க பாப்பா, அந்த குரூப்புல எல்லாம். அத்தனை பேர் வீட்டு நல்லது கெட்டதுக்கும் என் அண்டாதான் போயிருக்கு. ஒருத்தன், ஒரே ஒருத்தன், ஒரு ரூபாய் அனுப்பல.

நல்லதுதானேங்கிறியா? என்ன நல்லது? நான் நிஜமாவே ஆஸ்பத்திரியில கிடந்திருந்தா? சமையல் மாஸ்டர் குருவையா போன் பண்றான். இருபது வருசமா என் சட்டியில சமைச்சவன். "அக்கா, உங்க பேர்ல எவனோ கிளம்பியிருக்கான். நன்றின்னு போட்டிருந்துச்சு. அப்பவே கண்டுபிடிச்சுட்டேன்"ங்கிறான். மண்டபத்து மேனேஜர் தங்கப்பழம் அதுக்கு மேல. "தயவுசெய்துன்னு நீங்க எங்கக்கா சொல்லப்போறீங்க? படிச்சுட்டு ஆபீஸ்ல எல்லாரும் சிரிச்சோம்." பால்காரம்மா, பூசாரி, பந்தல்காரன், எல்லாரும் இதே பேச்சு. பூசாரி சொல்றாரு, "வணக்கம்னு ஆரம்பிச்சதுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு, தாயி." பெத்த மக, அவ என்ன சொல்றா? "நீ மட்டும் நிஜமா தயவுசெய்துன்னு சொன்னா, பணம் எதுக்கும்மா, நேரா ஆம்புலன்ஸே அனுப்பிருவேன்"ங்கிறா.

ஒரு வகையில பெருமைதான். இல்லைங்கல. அந்தப் போலீஸ்காரம்மா ஒன்றரை மணி நேரம் பேசிச் செய்ய முடியாததை என் வாய் செஞ்சிருக்கு. இருநூறு குடும்பத்தைக் காப்பாத்தியிருக்கு. எனக்கு எதுக்குப் பூட்டு? ஆனா மனசுல சின்னதா ஒன்னு உறுத்தத்தான் செய்யுது. ஒருத்தனாவது, ஒரு எட்டுப் பார்த்துட்டு வருவோம்னு ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சிருக்கலாம்ல? ஒரு ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு?

ஒருத்தன் அனுப்பிட்டான்.

இல்லை, பொய் சொல்லல. ஒருத்தனும் அனுப்பலைன்னு அப்ப நினைச்சேன். சாயங்காலம்தான் தெரிஞ்சது. பதினஞ்சாயிரம். தறி ஓட்டுறவனுக்குப் பதினஞ்சாயிரம் என்னன்னு தெரியும்ல உனக்கு? கோயில் குரூப்புல அவனும் இருந்திருக்கான். என் தம்பி. சங்கரலிங்கம்னு பேரு. நான் வாளின்னுதான் கூப்பிடுவேன். சின்னதுல தண்ணி வாளிக்குள்ள தலைகீழா விழுந்து, காலைப் பிடிச்சு நான்தான் தூக்கினேன். அன்னையில இருந்து வாளி. கல்யாணம் கட்டி சங்கரன்கோயில்லயே இருந்துட்டான். அங்கதான் இப்பப் போய்க்கிட்டு இருக்கேன்.

அவனுக்கும் எனக்கும் பேச்சு இல்லை. ஒன்பது வருசம்.

சண்டை எல்லாம் ஒன்னும் இல்லை. நான் ஒரு தப்பும் பண்ணல, நீயே கேட்டுச் சொல்லு. கோமதி கல்யாணம். தாய்மாமன் சீர் கொண்டு வர்றான். தாம்பூலம், பழம், சேலை, எல்லாம் சரி. நடுவுல ஒரு பித்தளைக் குடம். பளபளன்னு இருக்கு. நான் பாத்திரக்காரி பாப்பா, பாத்திரத்தைப் பார்த்தா கை சும்மா இருக்குமா? தூக்கினேன். கனம் இல்லை. சுண்டினேன். சத்தம் பழசு. திருப்பிப் பார்த்தேன். 'கோமதி'ன்னு வெட்டியிருக்கு, ஆனா அதுக்கு அடியில சுரண்டின தடம். "ஏண்டா வாளி, இது பழைய குடம்டா! எவ பேரையோ சுரண்டிட்டு என் மக பேரை வெட்டிக் கொண்டு வந்திருக்கே!"ன்னேன்.

என் பக்கத்துல இருக்கிறவங்களுக்கு மட்டும் கேக்குற மாதிரிதான் சொன்னேன். ஆனா கையில மைக் இருந்திருக்கு. நாலாவது பந்திக்குச் சாம்பார் வாளி கேட்டு அப்பத்தான் அறிவிச்சிருந்தேன், அணைக்க மறந்துட்டேன். மண்டபம், வாசல், பஸ் ஸ்டாப்பு வரைக்கும் நம்ம ஸ்பீக்கர்க் குழாய் கட்டியிருக்கு. நம்ம செட்டு நல்லாக் கேக்கும், அதுல குறை சொல்ல முடியாது.

அவன் சீர்த் தட்டை அங்கயே வச்சான். பெண்டாட்டி இசக்கியம்மாளைக் கூட்டிக்கிட்டுச் சாப்பிடாமப் போயிட்டான். அக்கா மக கல்யாணத்துல தாய்மாமன் சாப்பிடாமப் போனா ஊரு என்ன பேசும்? எனக்கு எவ்வளவு அவமானம், சொல்லு!

அந்தச் சுரண்டின பேரு எங்க அம்மா பேருதான். அப்புறம்தான் தெரிஞ்சது. அம்மா புழங்கின குடமாம், பேத்திக்குப் போகணும்னு மெருகு போட்டுக் கொண்டு வந்திருக்கான். சரி, அதனால என்ன? சுரண்டினது சுரண்டினதுதானே? நான் சொன்னதுல எது பொய்?

ஆமா, இதே குடம்தான். வாடகைக்கு விடல. நசுங்கிரும்னுதான் விடல, வேற ஒன்னும் இல்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் புளி போட்டு நான்தான் தேய்ப்பேன். கடைப் பொண்ணுங்க கையில கொடுத்தா கீறிப்புடுவாளுக.

விசயத்துக்கு வர்றேன். அந்தத் திருடன் அனுப்பினதைப் பார்த்துட்டு இந்த மடையன் பதில் போட்டிருக்கான். இசக்கியம்மாள் சாயங்காலம் கோமதிக்குப் போன் பண்ணி, "மதினி எந்த ஆஸ்பத்திரியில இருக்காக? உங்க மாமா ராஜபாளையத்துல ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி இறங்குறாக"ன்னு அழுதிருக்கா. கோமதி விவரமானவ, எழுதினது நான் இல்லைங்கிறதை மட்டும் சொல்லாம, அதை என் வாய்க்கே விட்டுட்டா. "அம்மா நல்லா இருக்கா, நாளைக்கு அங்க வருவா, மாமாவை வீட்டுக்கு வரச் சொல்லுங்க, அந்த மெசேஜை மட்டும் எனக்கு அனுப்புங்க"ன்னுட்டு என்னைக் கூப்பிட்டா. வாசிச்சுக் காட்டினா. அதுதான் இந்தப் பேப்பர், கோமதி கம்ப்யூட்டர் கடைக்கு அனுப்பினா, அங்க பிரிண்டு போட்டேன், போலீசு கேக்குமாம். எழுத்துக் கூட்டி நானும் படிப்பேன், கண்ணாடியைக் கடையில வச்சுட்டு வந்துட்டேன்.

என் தம்பி, "அக்கா நீதானா"ன்னு கேட்டிருக்கான். "ஆம், நான்தான்"ங்கிறான் அவன். "ஒன்பது வருசம் கழிச்சு இப்பத்தான் பேசணும்னு தோணுச்சா"ங்கிறான் இவன். அதுக்கு அந்தத் திருட்டுப்பய என்ன எழுதியிருக்கான் தெரியுமா? 'பழையதை மறந்துவிடு தம்பி. நான் செய்தது தவறு. என்னை மன்னித்துவிடு.'

போதும் நிறுத்துடின்னு கோமதிகிட்டச் சொல்லிட்டேன். அதுக்கு மேல கேக்கல. என் பேர்ல, என் போட்டோவை வச்சுக்கிட்டு, என்னைக் கேக்காம மன்னிப்புக் கேட்டிருக்கான் பாப்பா! பணத்தைத் திருடினான், சரி, திருடன் திருடுவான். மன்னிப்புக் கேக்க இவன் யாரு? அது என்னுது. கேட்டா நான் கேக்கணும். கேக்காட்டி நான் கேக்காம இருக்கணும்.

இப்பப் பாரு என் நிலைமையை. சைபர் போலீசுக்குப் பணம் போனவன்தான் புகார் கொடுக்கணுமாம். சீக்கிரமாக் கொடுத்தா அந்தக் கணக்கை முடக்கிப் பணத்தைப் பிடிச்சுரலாமாம், நேரம் போகப் போகக் கஷ்டமாம். அப்ப, அவன்கிட்டப் போய், "டேய், அது நான் இல்லடா"ன்னு சொல்லணும். சொன்னா பணம் வரும். ஆனா ஒன்பது வருசம் கழிச்சு அக்கா மன்னிப்புக் கேட்டான்னு இருக்கான்ல, அது போயிரும். சொல்லாட்டி அது இருக்கும், ஒரு மாசத் தறிக்கூலி போயிரும்.

நேத்தே போன்ல சொல்லியிருக்கலாம்லன்னு கேக்காதே. போட்டேன். மூணு தடவை போட்டேன். மணி அடிக்கிறதுக்குள்ள கட்டாயிருச்சு. விரல் வழுக்குது, புளித்தண்ணிக் கை.

ராத்திரி பூரா யோசிச்சு ஒரு வழி கண்டுபிடிச்சேன். நான் நிஜமாவே ஆஸ்பத்திரியில இருந்த மாதிரி போயிர்றது. இதோ பாரு, மணிக்கட்டுல பிளாஸ்திரி. மருந்துக்கடையில ஒட்டிக்கிட்டேன். என் பணத்தை எடுத்து, "இந்தாடா, சரியாயிருச்சு"ன்னு கொடுத்துட்டா முடிஞ்சது. நீ படிச்ச பொண்ணு, ஒன்னு சொல்லு. ஒரே நாள்ல படுத்து ஒரே நாள்ல எந்திரிக்கிற வியாதி எது? கொஞ்சம் மரியாதையான வியாதியாச் சொல்லு. வயித்துப்போக்கு எல்லாம் வேண்டாம்.

சிரி, சிரி. உனக்கென்ன.

அப்புறம் ஒரு உதவி பண்ணு. அந்தப் பேப்பர்ல மிச்சத்தை வாசி. என்னென்ன பேசிக்கிட்டாங்கன்னு தெரிஞ்சாத்தானே நான் அதுக்கு ஏத்த மாதிரி நடிக்கணும். 'மன்னித்துவிடு'க்கு அப்புறம் வாசி.

என்ன?

'நீ பேசுற மாதிரி இல்லையே அக்கா'... அப்படியா எழுதியிருக்கான்? பார்த்தியா, என் தம்பி, அவனுக்கும் சந்தேகம் வந்திருக்கு. ம்ம், மேல.

'என்னை ஒரு தடவை திட்டு. உடனே அனுப்புறேன்.'

திட்டச் சொல்லியிருக்கானா?

அதுக்கு அந்தத் திருடன் என்ன சொன்னான்? 'நீ ஒரு முட்டாள்.' தூ. இது ஒரு திட்டா? ஒன்னாங்கிளாஸ் பிள்ளை திட்டும் இதைவிட நல்லா. வாளி என்ன கேட்டான்? 'இவ்வளவுதானா.' சரியாக் கேட்டிருக்கான். அதுக்கு அவன்? 'நீ பெரிய முட்டாள். தயவுசெய்து விரைவாக அனுப்பவும்.' விளங்காத பய. அப்பவாவது இவன் கண்டுபிடிச்சிருக்கணும்ல? இவ்வளவு கேட்டவன் ஏன் அனுப்பினான்? வாசி, ஏன் நிறுத்திட்டே?

மெதுவா வாசி. பஸ் சத்தத்துல கேக்கல.

'அக்கா, உனக்கு ரொம்ப முடியலைன்னு புரிஞ்சு போச்சு. திட்டக்கூடத் தெம்பு இல்லாமக் கிடக்கியே. பணம் அனுப்பிட்டேன். பயப்படாதே. எந்த ஆஸ்பத்திரின்னு மட்டும் சொல்லு, வந்துர்றேன்.'

திரும்ப வாசி.

வேண்டாம், கொடு. பேப்பரைக் கொடு. இந்த ஜன்னலைச் சாத்து, தூசி வருது, கண்ணுல விழுந்துருச்சு.

மத்தவங்க எல்லாம் நான் திட்டலைன்னதும் இது நான் இல்லைன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. இவன் ஒருத்தன்தான், திட்டலைன்னதும் நான் சாகக் கிடக்கேன்னு நினைச்சிருக்கான்.

என் போனை எடு. என் கால்கிட்ட இருக்கிற தூக்குச்சட்டிக்குள்ள இருக்கு. திறக்கணுமா, ஒன்பது, ஒன்பது, ரெண்டு, ரெண்டு. அட, போட்டுத் திற, உன்கிட்டச் சொன்னா என்ன? 'வாளி'ன்னு இருக்கும் பாரு. போடு. காதுல வை. ம், மணி அடிக்குது. இந்தப் பிளாஸ்திரியைப் பிச்சு எடு.

டேய்! டேய் வாளி! ஏண்டா, அடியில ஓட்டை விழுந்த அண்டா! ஈயம் பூசாத சட்டி! எவனோ ஒரு திருட்டுப்பய 'நீ ஒரு முட்டாள்'னு எழுதினா, அக்காதான்னு நம்பி ஒரு மாசக் கூலியைத் தூக்கிக் கொடுப்பியா? உனக்கு மூளைன்னு ஒன்னு வச்சாங்களா, இல்லை வாளிக்குள்ள விழுந்தன்னைக்கு அதுல கொட்டிருச்சா? என்னடா, சத்தத்தைக் காணோம்? அழுறியா? அழாதேடா கழுதை. இந்த வயசுல அழுவாங்களா? எனக்கு ஒன்னும் இல்லை, நான் கல்லு மாதிரி இருக்கேன். உன்னைத் திட்டாம நான் சாவேனா? கேளு, பாங்கு பாஸ்புக்கை எடுத்துக்கிட்டு நேரா போலீஸ் ஸ்டேசனுக்குப் போ. முதல்ல அந்தச் சைபர்காரங்களுக்குப் போன் போடு, கோமதி நம்பர் அனுப்புவா. நான் இன்னும் செத்த நேரத்துல வந்துருவேன். குடத்தைக் கொண்டு வர்றேன். ஆமா, அந்தக் குடம்தான். கோமதி பேருக்கு மேல அம்மா பேரையும் வெட்டி வைப்போம், இடம் இருக்கு. இசக்கிகிட்ட மூணு பேருக்கு உலை வைக்கச் சொல்லு. ஸ்டேசன்ல இருந்து திரும்பினதும், நாம சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுறதுக்கு முன்னாடி நீ எங்கயும் எந்திரிச்சுப் போயிராதே. போயிராதேடா, தயவுசெஞ்சு. மன்னிச்சுக்கோடா. வச்சுரு, வச்சுரு.

இந்தா, போனைச் சட்டிக்குள்ள போடு. மூடியை இறுக்கு.

என்ன அப்படிப் பார்க்குறே? கடைசியில என்ன சொன்னேன்? நானா? நான் எங்க சொன்னேன்? காதுல விழுறதை எல்லாம் நம்பிருவியா? இதுக்குத்தான் உங்களுக்கெல்லாம் கூட்டம் போட்டுச் சொல்றாங்க. இப்பல்லாம் குரலைக்கூடத் திருடுறானுவளாம். எவனோ நடுவுல பூந்து பேசியிருப்பான்.

குடத்தைக் கொடு பாப்பா. சங்கரன்கோயில் வந்துருச்சு. நீ முதல்ல அந்த நாலு நாலு ஏழு ஒன்னை மாத்து.